ஒருக்களித்துப் படுத்த ராத்திரி

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு எழுதியிருக்கீங்க. யார் பார்த்தது?" என்று கேட்டார் டாக்டர் நஃபீசா.

கேட்டது ஜெபசீலனைத்தான் என்றாலும், அவர் கண் திரும்பியது ரத்தினபாய் பக்கம். நியாயம்தானே? பெண்டாட்டி பக்கத்து நாற்காலியிலேயே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மனுஷன் தூங்குகிற லட்சணத்தை வேறு யார் பார்த்திருக்க முடியும்?

"ஜோசலின் பார்த்தாங்க டாக்டர்" என்றார் ஜெபசீலன்.

டாக்டரின் பேனா அந்தரத்தில் நின்றது. "ஜோசலினா?"

"ஆமா டாக்டர். கூட வேலை செய்யறவங்க." அதற்கப்புறம்தான் மனுஷனுக்கு உறைத்தது. "அதாவது... கம்பெனி பஸ்ஸுல. காலையில மறைமலை நகர் போய்ச் சேர்ற வரைக்கும் தூங்கிடுவேன். அவங்க பக்கத்து வரிசை சீட்டு."

பஸ் என்கிற அந்த வார்த்தை வந்து சேர மூன்று விநாடி ஆயிற்று. மூன்று விநாடியும் தாம்பரத்து கிளினிக்கின் ஏ.சி. அறையில் ரத்தினபாய்க்குக் காது மடல் வெந்தது. சூதுவாது தெரியாத மனுஷன் என்று சபையில் எல்லோரும் ஜெபசீலனைப் புகழ்வார்கள். புகழ்கிறவர்களுக்கு என்ன? அவரோடு குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும்.

"எவ்வளவு நேரம் நிக்குதுன்னு சொன்னாங்களா?"

ஜெபசீலன் சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க டாக்டர்."

ரத்தினபாய் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஜோசலின் கம்பெனியில் சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்ச் செக்‌ஷன். எதையும் தேதி போட்டு எழுதிப் பழகிய கை. திங்கள், பெருங்களத்தூர் தாண்டி, முப்பத்திரண்டு விநாடி. செவ்வாய், வண்டலூர் சிக்னல், நாற்பது விநாடி, பயந்துபோய் எழுப்பிவிட்டேன். ரத்தினபாய் குரோம்பேட்டையில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இருபது வருஷமாகக் கோழிக் கிறுக்கல்களைத் திருத்தித் திருத்திக் கண் பூத்தவள். கையெழுத்தைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவாள். சனியன், இந்தக் கையெழுத்து முத்து முத்தாக அழகாக இருந்து தொலைத்தது.

"நீங்க கவனிச்சதில்லையா மேடம்?"

"குறட்டை விடுவார் டாக்டர். நல்லா சத்தமா விடுவார்."

"மூச்சு நிக்கறது?"

"நான்... அடுத்த ரூம்ல படுக்கறேன்."

"குறட்டை இருக்கிற வீட்டுல பாதிப் பேர் அப்படித்தான்" என்று டாக்டர் இதமாகத்தான் சொன்னார். ஆனால் ரத்தினபாய் காதில் அது ஏறவே இல்லை. தன் புருஷனைப் பற்றிய கேள்விக்குத் தான் ஃபெயில், எவளோ ஒருத்தி நூற்றுக்கு நூறு. அதுவும் பரீட்சைத் தாளைப் புருஷனே பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து காற்று போகிற வழியை அடைக்கிறது. மூச்சு நின்றதும் மூளை பதறி எழுப்பிவிடுகிறது. ராத்திரி முழுக்க இப்படியே நடந்தால் தூக்கம் என்று ஒன்று ஏது? அதனால்தான் பகலில் நின்றபடியே கண் செருகுகிறது. இப்படியே விட்டால் ரத்த அழுத்தம், இருதயம் எல்லாம் கெடும்.

நின்றபடியே கண் செருகியது கதையில்லை, நிஜம். ஜெபசீலன் வேலை பார்ப்பது கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில். தகட்டை அடித்து வளைக்கிற பெரிய பிரஸ் மிஷினுக்கு முன்னால் நின்று, வெளியே வருகிற உருப்படியைச் சோதிக்கிற வேலை. பதினைந்து நாளைக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டே தூங்கி முன்னால் சரிந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவன் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும், தலையே கூடப் போயிருக்கும். மேனேஜரிடம் போய் நின்று, டாக்டர் சரி என்று சொல்கிற வரை அவரைப் பிரஸ் பக்கம் விடவே கூடாது என்று சண்டை போட்டு, ரெக்கார்டு ரூமுக்கு மாற்ற வைத்தது யார்? அதுவும் அந்த ஜோசலின்தான்.

"வியாழக்கிழமை எங்க டெக்னீஷியன் தௌசிப் வீட்டுக்கே வந்து கருவியை மாட்டி விடுவார். ஒரு ராத்திரிதான். எப்பவும் எப்படித் தூங்குவீங்களோ அப்படியே தூங்குங்க" என்றார் டாக்டர். பிறகு ரத்தினபாயைப் பார்த்து, "அவரைத் தொடவோ எழுப்பவோ வேண்டாம் மேடம். மூச்சு எத்தனை தடவை நிக்குதோ, அது அப்படியே பதிவாகணும்" என்றார்.

ஸ்கூட்டர் ஜி.எஸ்.டி. ரோடு ஏறுகிற வரை ரத்தினபாய் வாயைத் திறக்கவில்லை. சானடோரியம் தாண்டியதும் திறந்தாள்.

"நாற்பது வரைக்கும் எண்ணினாளாமா?"

"ம்?"

"எண்ணணும்னா மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே வரணுமே. தினமும் பார்த்துக்கிட்டேதான் வர்றாளா?"

"நான் தூங்கறேன் ரத்தினம். எனக்கு எப்படித் தெரியும்?"

ரத்தினபாய் அவர் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்து ஸ்கூட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், மகள் பிளஸ்ஸி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தபோது, துணைக்கு என்று ரத்தினபாய் தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். பத்தாவது முடிந்தது, பன்னிரண்டாவது முடிந்தது, காலேஜும் முடிந்து பிளஸ்ஸி பெங்களூரில் வேலைக்கும் போய்விட்டாள். தலையணை மட்டும் திரும்பி வரவில்லை. வா என்று அவர் ஒரு வார்த்தை கூப்பிடட்டுமே என்று இவள் இருந்தாள். குறட்டைச் சத்தம் இல்லாமல் அவளாவது நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று அவர் இருந்தார். வீம்புக்கும் விட்டுக்கொடுப்பதற்கும் நடுவில் ஒரு சுவர் நின்றது. சுவரைத் தாண்டி ராத்திரி முழுக்கக் குறட்டை வரும். நடுவில் திடீரென்று நிற்கும். அப்பாடா என்று ரத்தினபாய் புரண்டு படுத்துத் தூங்குவாள். அந்த அப்பாடாவில்தான் அங்கே மூச்சு நின்றிருக்கிறது என்று யார் கண்டது?

கண்டவள் ஒருத்தி இருக்கிறாளே! அவளே புதன்கிழமை சாயங்காலம் போனில் வந்தாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? நாளைக்குத்தானே அண்ணனுக்கு டெஸ்ட்?"

அண்ணனாம் அண்ணன். போன வருஷம் கம்பெனி குடும்ப விழாவில் ரத்தினபாய் அவளைப் பார்த்திருக்கிறாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மடிப்பு கலையாத கொசுவம், நாற்பது வயசுக்கு நரை என்றால் என்னவென்றே தெரியாத தலை.

"ஆமா. சொல்லுங்க" என்றாள் ரத்தினபாய்.

"ஒரு விஷயம் அக்கா. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அண்ணன் சீட்டைச் சாய்ச்சு மல்லாந்து தூங்கும்போதுதான் மூச்சு நிக்குது. ஒரு பக்கமா ஒருக்களிச்சுட்டா நிக்கறதே இல்ல. நான் தோளைப் பிடிச்சு ஜன்னல் பக்கமா திருப்பி விட்டுடுவேன். டாக்டர்கிட்ட இதையும் சொல்லிடுங்க."

தோளைப் பிடித்து! உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும் என்று ஒரு ஊசி வேறு. பாவம், அவள் ஊசியாகச் சொல்லவில்லை. ஆனால் குத்துகிற இடத்தில் ஏற்கெனவே புண் இருந்தால் பஞ்சு பட்டாலும் குத்தும்.

"தெரியும், தெரியும்" என்று சொல்லி ரத்தினபாய் போனை வைத்தாள். வைத்துவிட்டு அடுப்பில் கொதித்த ரசத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். ரசம் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது.

வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு தௌசிப் வந்தான். ஜெபசீலன் நெஞ்சில் ஒரு பட்டை, பட்டையில் சின்னப் பெட்டி, மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஒரு கிளிப். பார்சல் கட்டி அனுப்பத் தயாரான சாமான் போல ஜெபசீலன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி சார் கூட யார் இருப்பீங்க?"

"நான்தான். வேற யாரு இருப்பா?" என்றாள் ரத்தினபாய். வேண்டிய அளவைவிடச் சத்தமாகவே சொல்லிவிட்டாள். தௌசிப் ஒரு அடி பின்னால் போய், காலையில் வந்து கழற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவள் அடுத்த அறைக்குப் போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜெபசீலன் சுவர் பக்கமாக நகர்ந்து இடம் விட்டார். நகர்ந்தவர், இடம் போதாதோ என்று வயிற்றை வேறு எக்கிக்கொண்டார். ஏழு வருஷம் கழித்து அந்தக் கட்டிலில் படுத்தபோது ரத்தினபாய்க்குக் கல்யாணமான புதிது போலக் கூச்சமாக இருந்தது. இந்த வயசில் இது என்ன கேவலம் என்று தன்னையே திட்டிக்கொண்டு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள்.

பத்து நிமிஷத்தில் குறட்டை ஆரம்பித்தது. மல்லாந்துதான் படுத்திருந்தார். குறட்டை ஏறிக்கொண்டே போய், பட்டென்று நின்றது.

முதல் தடவையாக அப்பாடா வரவில்லை. பக்கத்தில் படுத்தால்தானே தெரிகிறது! நெஞ்சு மேலே போகப் பார்க்கிறது, வயிறு இழுக்கிறது, காற்று மட்டும் போகவில்லை. யாரோ கழுத்தைப் பிடித்து அழுத்துவது போல இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினொன்றுக்கு மேல் அவளால் முடியவில்லை. டாக்டராவது டெஸ்டாவது, இரண்டு கையாலும் அவரைப் பிடித்துத் தள்ளினாள். ஜெபசீலன் ஒரு பெரும் மூச்சை இழுத்துக்கொண்டு சுவர் பக்கமாக ஒருக்களித்தார். அதற்கப்புறம் மூச்சு சீராக வந்தது.

அந்த முதல் தள்ளல் பயத்தில் தள்ளியது. கர்த்தர் சாட்சியாக அது பயம்தான். ஆனால் ஒருக்களித்தவர் குழந்தை மாதிரித் தூங்குவதைப் பார்த்தபோது, ரத்தினபாய் நெஞ்சில் இன்னொன்று முளைத்தது. இப்படியே விடியும்வரை தூங்கினால்? பெட்டியில் ஒன்றும் பதிவாகாது. ரிப்போர்ட்டில் ஒன்றும் வராது. அந்த முத்து முத்தான கையெழுத்துச் சீட்டு தப்பு என்று ஆகிவிடும். பெண்டாட்டி பக்கத்தில் படுத்தால் என் புருஷனுக்கு மூச்சு நிற்காது, தெரிஞ்சுக்கோடி!

அன்றைக்கு அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு விழித்திருந்தாள். அவர் மல்லாக்கப் புரளுவார். இவள் தோளில் கை வைத்துத் திருப்புவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி புரளுவார்; மறுபடி திருப்புவாள். ஒருமுறை, இரண்டுமுறை இல்லை, இருபது முறைக்கு மேல் இருக்கும். விடிகிற நேரத்தில் அவள் உள்ளங்கை அவர் முதுகிலேயே கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் நஃபீசா நெற்றியைச் சுருக்கினார்.

"மணிக்கு ஆறு தடவைதான் மூச்சு தடைப்பட்டிருக்கு. ரொம்ப லேசு. நான் முப்பது தடவையாவது இருக்கும்னு நினைச்சேன்." இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். "கிட்டத்தட்ட ராத்திரி பூரா ஒருக்களிச்சே தூங்கியிருக்கார். எப்பவும் இப்படித்தானா?"

இதோ, கேள்வி வந்துவிட்டது. இந்த இடத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ரத்தினபாய் வாயைத் திறக்கத்தான் செய்தாள்.

"எப்பவும் இப்படித்தான் டாக்டர்."

ஜெபசீலன் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்வையை மேஜைக்குத் திருப்பிக்கொண்டார்.

"அந்தச் சீட்டுல எழுதியிருந்ததுக்கும் இதுக்கும் ஒத்துப்போகலையே."

"பஸ்ஸு குலுங்குற குலுங்கல்ல அவங்க எண்ணினது தப்பாப் போயிருக்கும்" என்றாள் ரத்தினபாய்.

டாக்டர் அரைமனதாகத்தான் தலையாட்டினார். இப்போதைக்கு ராத்திரி மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற மூச்சு மிஷின் தேவையில்லை, எடையைக் குறையுங்கள், பகலில் மறுபடி தூக்கம் வந்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாமல் வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ஜெபசீலன் அதை அப்படியே மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். திங்கட்கிழமையிலிருந்து பழைய இடத்துக்கே வந்துவிடுங்கள் என்று உடனே பதில் வந்தது. பிரஸ் மிஷினுக்கு. ரத்தினபாய் அதையும் படித்தாள். படித்தும், அந்த நேரத்தில் அவளுக்கு ஜெயித்த ஞாபகம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைப் போட்டாள். கணவருக்கு நல்ல ரிப்போர்ட் கிடைத்ததற்காக என்று சபைப் போதகரான ஐயர் பெயர் சொல்லி வாசித்தார். ஆண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் ஜெபசீலன் முதுகில் தட்டினார்கள். ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியச் சங்கம் கூடியதும், கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்கிறவர்கள் யார் என்று கேட்டார்கள். ரத்தினபாய் முந்திக்கொண்டு எழுந்தாள்.

"என் வீட்டுக்காரருக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு சிலர் பயமுறுத்தினாங்க. கர்த்தர் கிருபையால அப்படி ஒண்ணுமே இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு."

அல்லேலூயா என்றார்கள் எல்லோரும். சிலர் என்கிற வார்த்தையை அழுத்திச் சொன்னபோது நாக்குக்கு ருசியாக இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் உள்ளே ஏதோ ஒன்று உறுத்தியது. பத்துக் கட்டளையையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைகீழாகச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு, அந்த உறுத்தலுக்குப் பெயர் தெரியாதா என்ன?

உறுத்தலை அடக்க ஒரே வழி, ஜெயித்ததை முழுசாக ருசித்துவிடுவது. வீட்டுக்கு வந்ததும் ஜோசலினுக்குப் போன் போட்டாள்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு. ஒண்ணுமே இல்லையாம்."

"ஐயோ அக்கா! நிஜமாவா?" ஜோசலின் குரல் உடைந்தது. "தினமும் மாதா கோவில்ல மெழுகுவர்த்தி வெச்சுக்கிட்டு இருந்தேன் அக்கா. எனக்கு எவ்ளோ பயம் தெரியுமா? பஸ்ஸுல நான் தூங்கியே ரெண்டு மாசம் ஆகுது. இனிமே நானும் நிம்மதியாத் தூங்குவேன்."

மூக்குடைபட்டு முகம் தொங்குவாள் என்று பார்த்தால், இவள் சந்தோஷப்படுகிறாள்! அதுவும் தன்னைவிட அதிகமாகச் சந்தோஷப்படுகிறாள். என் புருஷனுக்கு மெழுகுவர்த்தி வைக்க இவள் யார்? ரத்தினபாய்க்கு வயிறு பழையபடி எரிந்தது. ஜெயித்தும் எரிகிற வயிற்றை என்ன செய்வது?

அன்று ராத்திரியும் அவர் பக்கத்தில்தான் படுத்தாள். வியாழனிலிருந்து அப்படித்தான். மல்லாந்தால் திருப்புவதும், குறட்டை நின்றால் பதறுவதுமாக மூன்று ராத்திரி போயிருந்தது. இது நாலாவது. மூன்று ராத்திரியும் அவளுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்துபோயிருந்தது: அந்தச் சீட்டில் ஒரு விநாடி கூடத் தப்பில்லை. ஆனால் அவளும் மனுஷிதானே, உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? பதினோரு மணிக்கு அசந்துவிட்டாள்.

விழித்தபோது மணி மூன்று. விழிக்க வைத்தது சத்தமில்லை, சத்தம் இல்லாதது. ஜெபசீலன் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக இப்படிக் கிடக்கிறாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவள் விளக்கைப் போட்டாள். உதடு கத்தரிக்காய் நிறமாக இருந்தது. "என்னங்க! என்னங்க!" என்று கத்திக்கொண்டு உலுக்கினாள். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி அவர் துள்ளி எழுந்து, இரண்டு கையாலும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, காற்றை அள்ளி அள்ளி விழுங்கினார். கண் திறந்திருந்தும் அவளைத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் கழித்து, "தண்ணி குடு" என்றார். குடித்துவிட்டு உட்கார்ந்தபடியே மறுபடி தூங்கிப்போனார்.

ரத்தினபாய் தூங்கவில்லை. இன்னும் நாலு மணி நேரத்தில் இந்த மனுஷன் பிரஸ் மிஷினுக்கு முன்னால் போய் நிற்பார். பஸ்ஸில் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருந்தாள். அவளையும் நிம்மதியாகத் தூங்கச் சொல்லியாகிவிட்டது. மிஷினில் நிற்க விடாமல் சண்டை போட ஒருத்தி இருந்தாள். அவள் வாயையும் அடைத்தாகிவிட்டது. எல்லாம் யார் கைங்கரியம்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது மட்டுமில்லை, அதற்குச் சபையில் ஸ்தோத்திரமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஐந்தே முக்காலுக்கு ஜெபசீலன் குளித்து, யூனிஃபார்ம் போட்டு, வாசல் அருகே நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டும்போதே தலை ஒருமுறை தொங்கி நிமிர்ந்தது.

"இன்னிக்கு மிஷின்கிட்ட போகாதீங்க" என்றாள்.

"ரிப்போர்ட்தான் நல்லா இருக்கே."

"அந்த ரிப்போர்ட் பொய்." சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "அன்னிக்கு ராத்திரி பூரா உங்களை நான்தான் தள்ளித் தள்ளித் திருப்பி விட்டேன். மல்லாக்கப் படுக்கவே விடல. ஜோசலின் சொன்னது தப்பாப் போகணும்னு பண்ணினேன். அவ சொல்லிக் குடுத்த வழியையே வெச்சுப் பண்ணினேன். டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். சபையில எழுந்து நின்னு பொய் சொன்னேன். எனக்குப் பொறாமைங்க. உங்க தூக்கத்தைப் பத்தி என்னைவிட அவளுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கேன்னு பொறாமை."

ஜெபசீலன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். நிமிரவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ தள்ளினது. ஒவ்வொரு தடவையும் முழிப்பு வந்துச்சே."

ரத்தினபாய் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சுமா டாக்டர்கிட்ட வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க?"

"டெஸ்ட் கெட்டுப்போச்சுன்னு சொன்னா மறுபடி எடுப்பாங்க. அதுல உண்மை தெரிஞ்சுட்டா மூச்சு மிஷின் மாட்டுவாங்க. குறட்டை போயிடும், பயமும் போயிடும். அப்புறம் நீ தலையணையை எடுத்துக்கிட்டு அந்த ரூமுக்கே போயிடுவியே." ஐம்பத்திரண்டு வயசு மனுஷன், பிடிபட்ட பிள்ளை மாதிரி ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுவும் இல்லாம..."

"இன்னும் என்ன?"

"பாதி தடவை நான் வேணும்னேதான் மல்லாந்து படுத்தேன்."

"எதுக்கு?"

"அப்பதானே நீ மறுபடி கை வைப்பே."

ரத்தினபாய்க்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் மேல் ஓங்கி ஒன்று போட்டாள். "கூறு கெட்ட மனுஷா! அந்தக் கை வேணும்னா வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்ன? ஏழு வருஷமா அந்த வாய் குறட்டை விடறதுக்கு மட்டும்தான் இருந்துச்சா? ராத்திரி மூணு மணிக்கு உங்க உதட்டைப் பார்த்தேன். செத்துப்போயிருப்பீங்க. செத்துப்போயிருந்தா நான் யார் முதுகுல கை வைக்கறது?"

அவர் அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையைத்தான் துடைக்கிறார் என்று ரத்தினபாயும் விட்டுவிட்டாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர்கிட்ட போறோம்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எல்லாத்தையும் நானே சொல்றேன். மறுபடி டெஸ்ட். நான் பக்கத்துலதான் படுப்பேன். ஆனா தொட மாட்டேன்."

"தொடவே மாட்டியா?"

"அந்த ஒரு ராத்திரி. அதுக்கப்புறம் மிஷின் மாட்டினாலும் சரி, மாட்டாட்டாலும் சரி, தலையணை உங்க கட்டில்லயேதான் கிடக்கும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மேனேஜரிடம் நேரில் சொல்லாமல் லீவு போடுவது சரியில்லை, ரெக்கார்டு ரூமிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். சொல்வார்தான். ஆனால் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஷிஃப்ட்டே தொடங்கிவிடும். அதுவரை ஒரு மணி நேரம் பஸ்ஸில் சாய்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ரத்தினபாயின் கை எட்டாது.

போனை எடுத்தாள். வைத்தாள். சுவரில் இருந்த இயேசு படத்தைப் பார்த்தாள். மறுபடி எடுத்தாள்.

"ஜோசலின், ரத்தினபாய் பேசறேன். எங்கே இருக்கே?"

"சானடோரியம் ஸ்டாப்புல அக்கா. பஸ்ஸுக்கு நிக்கறேன். என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அண்ணன் ரிப்போர்ட் தப்பு. தப்பாக்கினது நான்தான். நீ எழுதினதுதான் சரி, ஒரு எழுத்துக் கூடத் தப்பில்ல. மேனேஜர்கிட்ட நீயே முதல்ல சொல்லிடும்மா. அவரை மிஷின் பக்கம் விட வேண்டாம்."

ஏன், எதற்கு என்று ஜோசலின் கேட்கவில்லை. "சரி அக்கா" என்றாள். "பஸ்ஸுல தூங்கினா... நான் திருப்பி விடலாமா அக்கா?"

அனுமதி கேட்கிறாள்! கேட்டுத் தொலைக்காமலே செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ரத்தினபாய் வயிற்றில் அந்த எரிச்சல் ஒரு பொட்டுக் கூடக் குறையாமல் அப்படியேதான் இருந்தது. பால்கனியிலிருந்து பார்த்தால் தெருமுனையில் ஜெபசீலன் பையை மாட்டிக்கொண்டு கொட்டாவி விட்டபடி நடந்துபோவது தெரிந்தது.

"தோளை நல்லாப் பிடிச்சுத் திருப்பி விடும்மா" என்றாள். "மூச்சு வர்ற வரைக்கும் கையை எடுக்காதே."